பெட்டிச் சாவி பிள்ளைகள் கையில்!

டீன்ஏஜ் பிள்ளைகள், முழங்கால் வலிக்கார அப்பத்தா, 20,000 ரூபாய்... நாட்டரசன்கோட்டையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு மூன்று நாள் பயணம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி, "லீவுக்கு எங்கே போகலாம்?" பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை பதில் சுலபம். எங்கே கூட்டிப்போனாலும் துள்ளிக்கொண்டு வருவார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். வற்புறுத்திக் கூட்டிப்போனால் காதில் ஹெட்போன், கண் செல்போனில். உடம்பு மட்டும் நம்மோடு வரும்.

எங்கள் வீட்டில் மகள் ப்ளஸ் டூ எழுதிவிட்டாள். கோவையோ சென்னையோ, எங்கே சீட் கிடைத்தாலும் இனி ஹாஸ்டல்தான். மகன் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறான். அடுத்த வருடம் பத்தாவது, அசைய முடியாது. அத்தைக்கு 76 வயது, முழங்கால் வலி. ஐந்து பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கடைசிக் கோடை இதுவாக இருக்கலாம். அதனால் இந்த முறை கட்டாயம் போக வேண்டும் என்பதில் எனக்கும் என் கணவருக்கும் ஒரே கருத்து. எங்கே, எப்படி என்பதில்தான் ஐந்து பேருக்கு ஐந்து கருத்து!

பெட்டியடிப் பையன்

கண்ணாத்தாள் கோயிலுக்கும், கம்பர் சமாதிக்கும், தை மாதத்துச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் பெயர்போன ஊர் எங்கள் நாட்டரசன்கோட்டை. சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களைப்போல இங்கேயும் பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சம்பாதித்தது.

அங்கே போனவர்களில் பலர் மீசை முளைக்காத வயதில் போனவர்கள். வட்டிக்கடையில் சேர்ந்ததும் முதல் வேலை, பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்ன வேலையைச் செய்து, கணக்கு எழுதப் பழக வேண்டும். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள் என்று படிப்படியாக உயர வேண்டும். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசிச் சீட்டு எழுதிக்கொள்வார்கள்.

படிக்க வேண்டிய வயதில் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பியதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெண்பிள்ளைகளுக்கோ அந்தப் பெட்டிப் பக்கமே இடம் கிடையாது. ஆனாலும் ஒன்று யோசிக்க வைத்தது. அன்று பதின்மூன்று வயதுப் பையனை நம்பிப் பணப்பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இன்று அதைவிட மூத்த பிள்ளைகளிடம் ஒரு ஹோட்டல் ரூம் போடும் பொறுப்பைக்கூட நாம் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் நாமே முடிவு செய்துவிட்டு, "இதுக ஒட்ட மாட்டேங்குதே" என்று வருத்தப்படுகிறோம்.

"அப்ப பெட்டியை அவங்ககிட்டயே குடுத்துருவோம்" என்றார் என் கணவர். 20,000 ரூபாய், மூன்று நாள், ஐந்து பேர். ஊரைத் தேர்ந்தெடுப்பது, டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பழைய வழக்கப்படி ஒரு சீட்டும் எழுதினோம். ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஓர் ஆசை நிறைவேற வேண்டும். தினமும் ராத்திரி கணக்கு எழுத வேண்டும். கடலில் இறங்குவதில் மட்டும் பெரியவர்கள் சொல்வதே முடிவு. வீடு திரும்பியதும் ஐந்தொகை எடுக்க வேண்டும். மிச்சம் அவர்களுக்கே.

ஏன் ராமேஸ்வரம்?

மகளின் முதல் தேர்வு புதுச்சேரி. இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் என்றதும், வண்டிச் செலவே பாதிப் பணத்தைத் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டு அவளே அடித்துவிட்டாள். ராமேஸ்வரம் சுமார் 140 கிலோமீட்டர்தான். "அது கோயில் ஊரு, போர் அடிக்கும்" என்றான் மகன். அதற்குப் பிறகுதான் ஆசைப் பட்டியல் எழுதினார்கள்.

அத்தைக்கு 22 தீர்த்தம் ஆட வேண்டும். மகனுக்குப் புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும். கணவருக்குத் தனுஷ்கோடி, காரணம் பின்னால் சொல்கிறேன். மகளுக்குத் துடுப்புப் படகு ஓட்ட வேண்டும். எனக்கு மூன்று நாளும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது! ஐந்தும் ஒரே பாதையில் அமைந்துவிட்டன. கோயில் ஊர் என்று தள்ளியவன், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தேதி பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் காலம். ஜனவரி, பிப்ரவரி இதமாக இருக்கும், ஆனால் பள்ளி இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதல். எங்களுக்கு ஏப்ரல் கடைசி வாரம்தான் வாய்த்தது. காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே சுற்றுவது, பகல் 11 முதல் 3 மணிவரை அறையில் ஓய்வு என்று மகள் எழுதி வைத்தாள்.

முதல் நாள்: பாலமும் ஒரு ஜன்னலும்

மானாமதுரைவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து காலை பாசஞ்சர் ரயில். பாம்பன் நெருங்கியதும் மகன் எங்களுக்கெல்லாம் கைடு ஆகிவிட்டான். பழைய பாலம் 1914-ல் திறந்தது. கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப்போல விரியும். 1988-ல் பக்கத்தில் சாலைப் பாலம் வரும்வரை தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே எழும். எல்லாம் அவன் படித்து வைத்தது. ஜன்னல் ஓரச் சீட்டை அப்பத்தாவுக்கு விட்டுக்கொடுத்து நின்றுகொண்டே வந்தான். இரண்டு பக்கமும் கடல். செல்போன் கையில்தான் இருந்தது, வீடியோ எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

அறையில்தான் சோதனை. ஆன்லைனில் மகள் இரண்டு அறைகள் போட்டிருந்தாள். ஒன்று சாதாரண அறை, 1,600 ரூபாய். இன்னொன்று 'கடல் பார்த்த அறை', 2,200 ரூபாய், அப்பத்தாவுக்காக. ஜன்னலைத் திறந்தால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தலையை வெளியே நீட்டிக் கழுத்தைத் திருப்பினால் ஒரு விரல் அகலத்துக்குக் கடல்!

அவர் விருட்டென்று எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "பெட்டி அவகிட்ட இருக்கு." மகளின் முகம் சிவந்துவிட்டது. ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விளம்பரத்தில் இருந்த படத்தையும், ஜன்னலில் நின்று எடுத்த படத்தையும் செல்போனில் வைத்துக்கொண்டு தனியாக ரிசப்ஷனுக்கு இறங்கிப் போனாள்.

அந்தக் கால் மணி நேரம் எனக்கு நீளமாக இருந்தது. ஜூனுக்குப் பிறகு இவள் எங்கே, யாரிடம், எப்படிப் பேசப்போகிறாள் என்ற கவலையைத்தான் சில மாதமாக மனசுக்குள் வைத்திருந்தேன். திரும்பி வந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வேற ரூம் காலியா இல்லையாம். இதையும் 1,600-க்கே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. எழுதி வாங்கிட்டேன்." இரண்டு ராத்திரிக்கு 1,200 ரூபாய் மிச்சம். அவள் குரல் உயரவில்லை, அழவில்லை. எழுதி வாங்கியிருந்தாள்!

இரண்டாம் நாள்: 22 கிணறும் ஒரு கையும்

விடியற்காலையில் அக்னி தீர்த்தம். அங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும், வயதானவர்களும் இறங்கலாம். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள், வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஈரக் கல்தளத்தில் நடக்க வேண்டும், வழுக்கும். மூட்டு வலிக்காரர்களுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒருவர் வேண்டும். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணிப் பை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் பை என் கணவர் தோளில்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கையில் போன் இல்லாத மகனை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது! அப்பத்தாவின் கையைப் பிடித்தவன் 22-வது தீர்த்தம்வரை விடவில்லை. "ஒவ்வொரு கிணத்துத் தண்ணியும் ஒவ்வொரு மாதிரி இருக்கு அப்பத்தா" என்றான். "அதுக்குத்தான்யா இம்புட்டுத் தூரம் வந்தது" என்றார் அத்தை. 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தின் ஒரு மூலையில் நின்று கண்ணுக்கு எட்டியவரை பார்த்த மகள், "இதை எந்த போட்டோவும் சரியா காட்டலைம்மா" என்றாள்.

பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அப்துல் கலாம் வீட்டையும் பார்த்தோம். அங்கே நின்றபோது, 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தை மகளுக்குச் சொன்னேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் தூக்கி எறிவார்கள். அதைப் பிடித்துக் கொடுக்கும் வேலைதான் சிறுவன் கலாமுக்கு முதல் சம்பளம் தந்தது. பேக்கரும்பில் இருக்கும் அவரது நினைவிடம் 2017-ல் திறந்தது. ராக்கெட் பிரியர்கள் வீட்டில் இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தனுஷ்கோடியில் அப்பத்தா சொன்ன கதை

வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்துவிட்டதால் இப்போது கார், ஆட்டோ எல்லாமே கடைசிவரை போகின்றன. முன்பு மணலில் ஜீப் வேன்தான். இருட்டுவதற்குள் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்குப் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கும் யோகமும் இருக்கிறது.

1914 முதல் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் இங்கேதான் வந்து நிற்கும். இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையே கொண்டுபோய்விட்டது. ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, 32 வயது இன்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவை உருவாக்கிய அதே ஸ்ரீதரன்தான்.

இடிந்து நிற்கும் தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ரீல்ஸ் எடுக்கவில்லை. "இங்கே எத்தனை பேர் இருந்தாங்க?" என்று மகன் கேட்டது அப்போதுதான். பக்கத்துக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். அவர்களிடம் இளநீரோ பொரித்த மீனோ வாங்கிச் சாப்பிடுவது நாம் செய்யக்கூடிய சின்ன மரியாதை.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும் பெண்கடல், இன்னொரு பக்கம் சீறும் ஆண்கடல். அங்கே நீரோட்டம் ஆபத்தானது, இறங்கிக் குளிக்கவே கூடாது. சீட்டில் எழுதிய நிபந்தனை இங்கே கைகொடுத்தது. மகன் ஒரு முறை பார்த்தான், கேட்கவில்லை. சில போன்களில் இலங்கை சிக்னல் எட்டிப்பார்க்கும். ரோமிங்கை அணைத்து வைத்துவிடுங்கள்.

கணவருக்குத் தனுஷ்கோடி ஆசை வந்த காரணம் இதுதான். அவருடைய ஐயா, அதாவது அத்தையின் மாமனார், பதின்மூன்று வயதில் இங்கிருந்துதான் கப்பலேறிக் கொழும்புக்குப் போயிருக்கிறார். செட்டியார் தெருவில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாக. பெரிய ஆளாகி ஊர் திரும்பியதைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். கிளம்பிப் போன நாளைப் பற்றி அன்றைக்குத்தான் அத்தை வாய் திறந்தார்.

"எங்கிட்ட ஒரு தரம் சொன்னாக. கப்பல்ல ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே போனாகளாம். மூணு ரூவா முடிஞ்சு குடுத்திருந்தாக. ஆத்தாளை நெனச்சு அழுகக்கூட நேரமில்லையாம், காசு பத்திரமா இருக்கான்னு பார்க்கவே சரியாப் போச்சாம்."

மகள் தன் தோள்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பணப் பை அதில்தான் இருந்தது. "ஏத்தா, நீ பயப்படாதே. ஒனக்குப் போன் இருக்கு, ராத்திரியோட ராத்திரியா ஓடியாற பஸ்ஸு இருக்கு" என்றார் அத்தை. ஹாஸ்டலைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள்: அலையாத்திக் காட்டில் துடுப்பு

திரும்பும்போது வாடகைக் கார். ராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. படகிலும் போகலாம், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு துடுப்புப் படகும் ஓட்டலாம். காலையிலேயே போய்விடுவது நல்லது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் சாப்பாட்டுக்கும் வழி உண்டு.

மகளும் தம்பியும் ஒரே துடுப்புப் படகில். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கொஞ்ச நேரம் சண்டை, அப்புறம் சிரிப்பு, அப்புறம் படகு நேராகப் போனது. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைக் காட்டி, "இதுவழியாத்தான் மரம் மூச்சு விடும்" என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள் அக்கா. அங்கிருந்து தொண்டி, திருவாடானை, காளையார்கோவில் வழியாக அந்தி சாய்வதற்குள் வீடு.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்க...

* மொத்தப் பணத்தையும் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு நாள் பொறுப்பை மட்டும் கொடுங்கள். ஆனால் அந்த நாளில் குறுக்கே போகாதீர்கள்.

* 'எங்கே போகலாம்' என்று கேட்பதைவிட, 'ஆளுக்கு ஓர் ஆசை' என்று எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களின் ஆசையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

* ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குத் தூக்கம் அதிகம் வேண்டும். ஒரு காலை சீக்கிரம் எழுப்பினால், மறுபகல் தூங்க விடுங்கள்.

* தண்ணீர், மருந்து, இருட்டு நேரம்... இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். காரணத்தைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் அங்கே போய் வாக்குவாதம் வராது.

* வயதானவர்களைக் கவனிக்கும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். இருவருக்கும் நல்லது.

ஐந்தொகை

அன்று ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அறை 6,400. ரயில், பஸ் 600. தீவுக்குள் ஆட்டோ, வேன் 2,900. திரும்பி வந்த கார் 4,300. சாப்பாடு 3,950. படகு, நுழைவுச் சீட்டுகள் 1,250. சங்கு வளையல், பாசிமணி 260. மொத்தம் 19,660. கையிருப்பு 340 ரூபாய்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, 340 ரூபாயையும் கணக்கு நோட்டையும் தம்பியிடம் கொடுத்தாள் மகள். "அடுத்த லீவுக்கு நான் ஹாஸ்டல்ல இருந்து வர்றேன். அதுவரைக்கும் நீ அடுத்தாள் இல்லடா, மேலாள்."

அவன் நோட்டை வாங்கிக்கொண்டு, முதல் வரியில் 'கையிருப்பு 340' என்று எழுதினான்.